போஸ்ட்டாக்குக்கு ஏஐ சட்டம் எடுக்கலாம்னு இருக்கேன், தலைப்பை எப்படிச் சுருக்குறது?

கயல்_நிர்வாகச்சட்டம்:

வணக்கம். நிர்வாகச் சட்டத்துல பிஎச்டி முடிச்சாச்சு, வைவா ஆகி டிகிரிக்காக வெயிட்டிங். தீசிஸ் இயற்கை நீதி பத்தி, அதாவது அரசாங்கம் ஒருத்தருக்குப் பாதகமா முடிவெடுக்குறதுக்கு முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், அவங்க தரப்பக் கேக்கணும், ஆர்டர்ல காரணம் எழுதணும்ங்கிற சமாச்சாரம். கிராய்பக் தீர்ப்புல தொடங்கி மேனகா காந்தி, சீமென்ஸ், கிராந்தி அசோசியேட்ஸ்னு எல்லாரும் படிக்கிற அதே வரிசைதான். இப்ப இதையே கம்ப்யூட்டர் முடிவெடுக்குற இடத்துக்குக் கொண்டுபோய் வெளிநாட்டுல போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அப்புறமான ஆராய்ச்சி, பண்ணணும்னு ஆசை.

"செயற்கை நுண்ணறிவும் சட்டமும்: இந்தியா, ஐரோப்பிய யூனியன் ஒப்பாய்வு"ன்னு ஒரு தலைப்பு வச்சு ரெண்டு பக்கம் எழுதி ஒரு ப்ரொஃபசருக்கு மெயில் போட்டேன். மறுநாளே பதில் வந்துச்சு, அதுவே ஆச்சரியம், ஆனா மொத்தமா ஒரே வரி: "இது ஒரு துறை, இதுல உங்க கேள்வி எங்க இருக்கு?" கோவம் வந்தாலும் அவர் கேட்டது நியாயம்தான்.

இங்க இந்த ஏரியால இருக்குறவங்க யாராச்சும் சொல்லுங்க, எதப் புடிச்சுக்கிட்டு உள்ள போகணும்? எனக்குக் கோடிங் சுத்தமா தெரியாது, அது இல்லாம யாராச்சும் எடுத்துப்பாங்களா? இன்னொரு சந்தேகம், ஐரோப்பால அவங்க தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர்ல 22-வது பிரிவு இருக்கு, முழுக்க முழுக்க மெஷினே எடுக்குற முடிவுக்கு ஆளாகாம இருக்குற உரிமை. நம்ம 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டத்துல அப்படி ஒண்ணும் கிடையாது, 8(3)-ல போய் தேடினா, ஒருத்தரப் பாதிக்கிற முடிவுக்குத் தரவைப் பயன்படுத்தினா அது முழுசா சரியா இருக்கணும்னு மட்டும்தான் இருக்கு. ஒரு பக்கம் சட்டமே இல்லாதப்ப எதை எதோட ஒப்பிடுறது?

வடக்குக்கடல்:

கயல், வாழ்த்துகள் முதல்ல. நான் நார்வேல இதே மாதிரி ஒரு ப்ராஜெக்ட்ல போஸ்ட்டாக்கா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

ஏஐங்கிற வார்த்தைய ஒரு வாரத்துக்கு ஓரமா வைங்க. இந்தத் துறைல பெரிய பெரிய அக்கிரமம் நடந்த இடத்துல பாதிக்கு மேல ஏஐயே கிடையாது. ஆஸ்திரேலியால ரோபோடெட்னு பேர் வாங்கின கடன் வசூல் திட்டத்த எடுத்துக்கோங்க. அங்க உதவித்தொகை வாங்குறவங்க ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ வருமானத்தச் சொல்லணும். அரசாங்கம் என்ன பண்ணுச்சு, வரித்துறைகிட்ட இருந்து வருஷ வருமானத்த வாங்கி 26-ஆல வகுத்து, ஒவ்வொரு ரெண்டு வாரமும் இவ்ளோ சம்பாதிச்சிருக்காங்கன்னு வச்சுக்கிச்சு. ஒரு பொண்ணு அரை வருஷம் வேலைக்குப் போயி 26,000 டாலர் சம்பாதிக்குது, மீதி அரை வருஷம் வேலை இல்லாம உதவித்தொகை வாங்குதுன்னு வைங்க. வகுத்தா ரெண்டு வாரத்துக்கு 1,000 வருது, வேலையே இல்லாத மாசத்துலயும் சம்பாதிச்ச மாதிரி கணக்கு வந்துடுது, உடனே நீ கூடுதலா வாங்கிட்ட திருப்பிக் கட்டுன்னு லெட்டர். நாலாங்கிளாஸ் வகுத்தல் கணக்குதான் இது. ஏறக்குறைய 4 லட்சம் பேர் மாட்டினாங்க. அதுல கொடும என்னன்னா, கடன் இருக்குன்னு அரசாங்கம் நிரூபிக்க வேண்டாம், இல்லன்னு நீங்கதான் அஞ்சாறு வருஷத்துக்கு முந்தின பே ஸ்லிப்ப தேடி எடுத்து நிரூபிக்கணும். 2019 நவம்பர்ல அமாட்டோ வழக்குல இதுக்கு சட்ட அடிப்படையே இல்லன்னு அரசாங்கமே கோர்ட்டுல ஒத்துக்க வேண்டியதாச்சு, 2023 ஜூலைல ராயல் கமிஷன் ரிப்போர்ட் வந்துச்சு. அந்த ரிப்போர்ட்ட ஃப்ரீயா டவுன்லோட் பண்ணலாம், இங்கிலீஷ்ல இருக்கு, உள்ள மெயில் போக்குவரத்து எல்லாம் அப்படியே இருக்கு. டச்சு குழந்தைகள் பராமரிப்பு உதவித்தொகை ஊழல் இதவிட மோசம், இரட்டைக் குடியுரிமை இருந்தா ரிஸ்க்னு மார்க் போட்டாங்க, 2021 ஜனவரில ருட்டே அமைச்சரவையே ராஜினாமா பண்ணுச்சு, ஆனா மூல ஆவணம் பாதி டச்சுல இருக்கும், அதுல போய் மாட்டிக்காதீங்க.

உங்களுக்குன்னே பொறந்த கேஸ் ஒண்ணு சொல்றேன். 2018, ஆஸ்திரேலியா ஃபெடரல் கோர்ட் ஃபுல் பெஞ்ச், பின்டாரிச். வரி பாக்கி வச்சிருந்த ஒருத்தருக்கு வரித்துறைல இருந்து லெட்டர் வருது, இந்தத் தேதிக்குள்ள 8 லட்சத்துச் சொச்சம் டாலர் மொத்தமா கட்டு, வட்டியும் இதுல சேர்த்திதான்னு. மனுஷன் பேங்குல கடன் வாங்கிக் கட்டிட்டாரு. அப்புறம் பாத்தா, இல்ல இல்ல வட்டி தனின்னு இன்னொரு லெட்டர். கேட்டா, மொத லெட்டர் ஒரு அதிகாரி நாலு விவரத்தத் தட்டினதும் டெம்ப்ளேட்ல இருந்து தானா வந்தது, யாரும் உக்காந்து யோசிச்சு வட்டியத் தள்ளுபடி பண்ணல, அதனால அது முடிவே இல்லங்கிறாங்க. ரெண்டு நீதிபதிங்க அதை ஏத்துக்கிட்டாங்க, முடிவுன்னு சொல்லணும்னா உள்ள ஒரு மனுஷ மனசு ஓடியிருக்கணும்னு. கெர்ங்கிற மூணாவது நீதிபதி மட்டும், இனிமே மெஷின்தான் முடிவெடுக்கப் போகுது, இப்படிப் பேசிட்டு இருந்தா ஜனங்க எத நம்புறதுன்னு மாத்தி எழுதியிருக்காரு. அரசாங்கம் நம்ம பேர்ல லெட்டர் அனுப்பும், நாம நம்பி கடன் வாங்குவோம், அப்புறம் அது முடிவே இல்லன்னும் சொல்லும். மாறுபட்ட தீர்ப்பத் தவறாமப் படிங்க, எனக்கு அதுதான் சரின்னு படுது.

இதோட ஜெர்மனி ஷூஃபா கேஸப் பக்கத்துல வச்சுப் பாருங்க, ஷூஃபாங்கிறது ஆளுங்களுக்குக் கடன் ஸ்கோர் போடுற கம்பெனி. லோன் கிடைக்காத ஒருத்தர் ஷூஃபாகிட்ட போயி ஏன் எனக்கு இந்த ஸ்கோர்னு கேட்டா, நாங்க நம்பர்தான் குடுத்தோம், முடிவெடுத்தது பேங்குங்கிறாங்க. பேங்குகிட்ட போனா, நம்பர் அப்படி வந்துச்சுங்கிறான். 2023 டிசம்பர் 7 ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிடுச்சு, அந்த நம்பரத்தான் பேங்க் பெருசா நம்பி நடக்குதுன்னா நம்பர் போடுறதே முடிவுதான்னு. உங்க தலைப்பு இந்த ரெண்டு கேஸுக்கு நடுவுல எங்கயோ இருக்கு.

பொட்டிதட்டி:

கோடிங் கேட்டதால வந்தேன். வேண்டாம் மேடம். பைதான் கத்துக்கிட்டு ஒரு வருஷத்த வீணடிக்காதீங்க, உங்களவிட நல்லா எழுதுற ஆள் கிடைப்பான், இல்லன்னா மெஷினே எழுதிடும். உங்களுக்குத் தெரிய வேண்டியது எதக் கேக்கணும்னுதான்.

நான் கொஞ்ச நாள் கடன் குடுக்குற ஒரு கம்பெனிக்கு சாஃப்ட்வேர் பண்ணிக் குடுத்தேன், பேர் வேண்டாம். அப்ளிகேஷன் உள்ள வந்ததும் மாடல் ஒரு நம்பர் போடும். நம்பர் ஒரு அளவுக்குக் கீழ இருந்தா ஸ்கிரீன்ல செவப்புப் பட்டை. கீழ ரெண்டு பட்டன், ரிஜெக்ட், ஓவர்ரைடு (மெஷின் சொன்னத மீறுறது). ரிஜெக்ட் ஒரே கிளிக். ஓவர்ரைடு அமுக்கினா ஒரு பெட்டி தொறக்கும், காரணம் எழுதணும், மேனேஜருக்குப் போகும், நாளைக்கு அந்த லோன் வாராக்கடன் ஆச்சுன்னா அந்தப் பையன் பேரு வரும். சம்பளம் ஒரு நாளைக்கு எத்தன ஃபைல் முடிச்சாங்கிறதுல. இப்ப சொல்லுங்க, அங்க மனுஷன் இருக்கானா இல்லையா? பேப்பர்ல இருக்கான், ஒவ்வொரு ஃபைல்லயும் யூசர் ஐடி, நேரம் எல்லாம் பதிவாகும். கோர்ட்டுல கேட்டா எங்க அதிகாரி பாத்துத்தான் முடிவு பண்ணாருன்னு அஃபிடவிட் போட்டுட்டுப் போயிடலாம்.

அதனால வக்கீலுங்க எல்லாம் சோர்ஸ் கோடக் குடு, அல்காரிதத்தக் காட்டுன்னு சண்ட போடுறதப் பாத்தா எனக்குச் சிரிப்புதான் வரும். குடுத்தா என்ன பண்ணுவீங்க? கேக்க வேண்டியது வேற. அந்தக் கட் ஆஃப் நம்பர யாரு வச்சா, எந்த மீட்டிங்ல. அதிகாரி ஒரு ஃபைல சராசரியா எத்தன நொடி தொறந்து வச்சிருந்தாரு. நூத்துக்கு எத்தன தடவ மெஷின் சொன்னத மீறினாரு. மீறினதே இல்லன்னா அவரு அங்க எதுக்கு? இந்த மூணும் லாக்ல, அதாவது சிஸ்டம் தானா எழுதி வைக்கிற பதிவுல, இருக்கும், யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க.

சும்மா_வாசகன்:

ஃபண்டு இருக்குற வரைக்கும் ஏஐ சட்டம், அப்புறம் குவாண்டம் சட்டம். பத்து வருஷம் முன்னாடி பிளாக்செயின் சட்டம்னு ஓடினவங்க இப்ப எங்கன்னு பாருங்க. நெட் எக்ஸாம் க்ளியர் பண்ணி அசிஸ்டென்ட் ப்ரொஃபசர் போஸ்ட்டுக்குப் போறதுதான் உருப்படியான வழி. போஸ்ட்டாக்கு முடிச்சு ரெண்டு வருஷத்துல திரும்பி வந்தா இங்க எந்த லா காலேஜும் உங்களுக்காக சேர் போட்டு வச்சிருக்காது.

மேலூர்_வக்கீல்:

மேல உள்ள தம்பி சொல்றதுல பாதி உண்மை, வேலை விஷயத்துல. விஷயம் ஃபேஷன்ங்கிறத ஒத்துக்க முடியாது. கம்ப்யூட்டர் ஆர்டர் தினமும் கட்சிக்காரங்க கையில வந்துட்டுதான் இருக்கு.

கயல்ம்மா, நம்ம ஊர்ல சட்டமே இல்லன்னு எழுதியிருக்கீங்க. உங்க தீசிஸ் ஏரியால இருக்குற ஒண்ண நீங்களே விட்டுட்டீங்கன்னு நெனைக்கிறேன். மனசச் செலுத்தாம போட்ட ஆர்டர் செல்லாதுன்னு நாங்க ஒவ்வொரு ரிட் மனுலயும் ஒரு பாயிண்ட் எழுதுவோமே, நான் அப்ளிகேஷன் ஆஃப் மைண்ட். அந்த ஆஸ்திரேலியா கேஸ்ல மனசு ஓடல, அதனால அது முடிவே இல்லன்னு அரசாங்கம் தப்பிச்சுக்கிச்சு. நம்ம கோர்ட்டுல மனசு ஓடலன்னா அது முடிவுதான், ஆனா கெட்ட முடிவு, ரத்து. குறை ஒண்ணேதான், ஆனா ரெண்டு நாட்டுலயும் பலன் நேர் எதிரான ஆளுக்குப் போகுது. ஒப்பிட இதவிட என்ன வேணும்?

குண்டர் சட்ட ஃபைல் ஒண்ண எடுத்துப் பாருங்க, 1982-ல வந்த 14-வது சட்டம். இன்ஸ்பெக்டர் ப்ரபோசல் போட்டு அனுப்புவாரு, கலெக்டரோ கமிஷனரோ கையெழுத்துப் போடுவாரு, சட்டப்படி கையெழுத்துப் போடுறவருக்குத்தான் திருப்தி வரணும். இவரு ஜாமீன்ல வெளிய வந்துடுவாரு, இதே மாதிரி கேஸ்ல ஜாமீன் குடுத்திருக்காங்கன்னு ஒரு பாரா டைப் பண்ணி வச்சிருப்பாங்க. எந்தக் கேஸ், எந்தக் கோர்ட்னு கேட்டா விவரம் இருக்காது. 2011-ல ரேகா வழக்குல சுப்ரீம் கோர்ட் அதுக்காகத்தான் காவல் உத்தரவ ரத்து பண்ணுச்சு. மதுரைல ஹேபியஸ் கார்பஸ் (ஆட்கொணர்வு மனு) பாக்குற எந்த ஜூனியரக் கேட்டாலும் தமிழ் காப்பில ஒரு தேதி, இங்கிலீஷ் காப்பில ஒரு தேதின்னு வந்து ஆர்டர் விழுந்த கத பத்து சொல்லுவான். பொட்டிதட்டி தம்பி சொன்ன செவப்புப் பட்டைக்கும் இன்ஸ்பெக்டர் ப்ரபோசலுக்கும் என்ன வித்தியாசம்? யாரோ தயார் பண்ணினதுல இன்னொருத்தர் கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்குப் பின்னாடி ஆள் இருந்தாரான்னு கண்டுபிடிக்க நம்ம கோர்ட்டுங்க பல வருஷமா ஒரு முறைய வளத்து வச்சிருக்கு.

மெஷின் பக்கமும் நம்ம ஊர்ல உதாரணம் இருக்கு. வருமான வரி 1961 சட்டம் 143(1)-ல ரிட்டர்ன ப்ராசஸ் பண்றது முழுக்க சிஸ்டம். வருமானத்தக் கூட்டிப் போடணும்னா முன்னாடியே தெரிவிக்கணும், 30 நாள் டைம் குடுக்கணும், வர்ற பதில பரிசீலிக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. அந்தப் பரிசீலிக்கிறது யாருங்கிறதுதான் கேள்வி. இப்ப 2025 புது சட்டம் வந்து பிரிவு நம்பர்லாம் மாறுது, கேள்வி அப்படியேதான் நிக்கும். அப்புறம் பாம்பே ஹைகோர்ட் 2025 அக்டோபர்ல ஒரு ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட் ஆர்டர, அதாவது அதிகாரிய நேர்ல பாக்காம ஆன்லைன்ல நடக்குற வரி மதிப்பீட்டு ஆர்டர, ரத்து பண்ணுச்சு பாத்தீங்களா, ஆர்டர்ல சொல்லியிருந்த தீர்ப்புங்க எங்கயுமே இல்லாத தீர்ப்பு. சிஸ்டம் எடுத்துக் குடுத்தத சரிபாக்காம போடாதீங்கன்னு கோர்ட் சொல்லுச்சு. அதுவும் மனசச் செலுத்தாத ஆர்டர்தானே.

நம்ம மாநிலமே 2020-ல பாதுகாப்பான ஏஐன்னு ஒரு கொள்கை போட்டுச்சு, டீப் மேக்ஸ்னு ஒரு மதிப்பெண் பட்டியலோட. எந்தெந்த சாஃப்ட்வேருக்கு அதுல மார்க் போட்டீங்க, ஷீட்டக் காட்டுங்கன்னு ஒரு ஆர்டிஐ போட்டு வைங்க. பதில் வந்தாலும் லாபம், வராட்டியும் ஒரு அடிக்குறிப்பு.

கயல்_நிர்வாகச்சட்டம்:

வக்கீல் சார், ராத்திரி பூரா தூக்கம் போச்சு உங்களால. இப்படி எழுதிப் பாத்தேன், சரியா வருதான்னு சொல்லுங்க:

ஒரு முடிவு மெஷின் உதவியோட எடுக்கப்பட்டு அதிகாரி கையெழுத்தோட வருது. மனுஷன் நெஜமாவே பாத்தாரா இல்லையாங்கிறத நிரூபிக்கிற சுமை யாருக்கு, பாதிக்கப்பட்டவருக்கா அரசாங்கத்துக்கா? ஐரோப்பா, ஆஸ்திரேலியா, இந்தியா மூணுலயும் இதுக்கு என்ன பதில், பதில் மாறினா முடிவு மாறுதா?

ஏஐங்கிற வார்த்தையே கேள்விக்குள்ள வரல, வேணும்னு பண்ணல, தானா வெளிய போயிடுச்சு. ஒரு பயம், மூணு நாடு ஜாஸ்தியோ? அப்புறம் ஐரோப்பிய யூனியன் குடுக்குற மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு இது தாங்குமா?

மேலூர்_வக்கீல்:

சுமைன்னு வந்துட்டா நம்ம பக்கம் ஒரு முட்டுக்கட்டை இருக்கு பாத்துக்கோங்க. அரசாங்கக் காரியம் முறைப்படிதான் நடந்திருக்கும்னு கோர்ட் அனுமானிச்சுக்கலாம், பழைய சாட்சியச் சட்டம் 114 உதாரணம் (இ), இப்ப பாரதிய சாக்ஷ்ய அதினியம் 119. அதிகாரி லாகின்ல இருந்து ஆர்டர் வந்திருந்தா அவரு பாத்துட்டாருன்னே ஆரம்பிக்கும் கத. அத ஒடைக்கணும்னா ஆர்டர் முகத்துலயே ஓட்டை தெரியணும், தேதி தப்பு, வேற ஆள் பேரு, கேட்ட பாயிண்டுக்குப் பதிலே இல்ல, இந்த மாதிரி. டைப்பிஸ்ட் தப்பு பண்ணுவான், மாட்டிக்குவாங்க. மெஷின் தேதியெல்லாம் தப்பா போடாது. சுத்தமான, அழகான, யாரும் படிக்காத ஆர்டர் வரும். அப்ப நம்ம பழைய ஆயுதம் வேல செய்யுமாங்கிறதுதான் எனக்கே சந்தேகம், நீங்க எழுதுங்க, நான் படிக்கிறேன்.

வடக்குக்கடல்:

இது கேள்வி. இத அந்த ப்ரொஃபசருக்கே திருப்பி அனுப்புங்க, அதே மெயில் த்ரெட்ல, மன்னிப்பெல்லாம் கேக்காம.

மூணு நாடு வேண்டாம், ஆஸ்திரேலியாவ ஒரு அத்தியாயமா மட்டும் வைங்க, பின்டாரிச்சும் ரோபோடெட்டும் போதும். ஐரோப்பா பக்கம் உங்களுக்கு நல்ல எதிர்முனை இருக்கு: ஜிடிபிஆர் 5(2)-படி விதியப் பின்பத்தினத தரவு வச்சிருக்கிறவரே காட்டணும். மனுஷ மேற்பார்வைன்னா சும்மா பேருக்கு ஒரு ஆள உக்கார வைக்கிறது இல்ல, முடிவ மாத்துற அதிகாரமும் திறமையும் இருக்குற ஆள்னு ஐரோப்பிய தரவுக் காப்பு அதிகாரிகள் குழுவோட வழிகாட்டுதல் சொல்லுது. ஆஸ்திரியா கேஸ் ஒண்ணையும் சேத்துக்கோங்க, கம்ப்யூட்டர் போட்ட கடன் மதிப்பீட்ட வச்சு மாசம் 10 யூரோ மொபைல் கனெக்ஷன மறுத்ததுக்காக லக்ஸம்பர்க்ல இருக்குற ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போன கேஸ், 2025 பிப்ரவரில தீர்ப்பு. ஃபார்முலாவத் தூக்கிக் குடுத்தா விளக்கம் ஆகாது, சம்பந்தப்பட்டவருக்குப் புரியணும், வியாபார ரகசியம்னு சொன்னா அத கோர்ட்டோ தரவு ஆணையமோ பாத்து எடை போடும்னு சொல்லுச்சு. ஐரோப்பாவோட ஏஐ சட்டத்த மட்டும் முதுகெலும்பா வைக்காதீங்க. 86-வது பிரிவுல விளக்கம் கேக்குற உரிமை இருக்கு, நல்லதுதான், ஆனா ஹை ரிஸ்க், அதாவது ஆபத்து அதிகம்னு வகைப்படுத்தின சிஸ்டங்களுக்கான விதிங்க 2026 ஆகஸ்ட்ல வரணும்னு இருந்தத தள்ளிப்போட 2025 நவம்பர்ல ஐரோப்பிய கமிஷனே முன்மொழிவு வச்சுச்சு. நகர்ற தூண்ல கயிறு கட்டாதீங்க.

மேரி கியூரிக்குத் தாராளமா தாங்கும். மார்க்ல பாதி ஆராய்ச்சித் தரத்துக்கு, 30 தாக்கத்துக்கு, 20 செயல்படுத்துறதுக்கு. லா ஆளுங்க தோக்குறது அந்தக் கடைசி 20-ல, எந்த மாசம் எந்த ஃபைல் எங்க போய் எடுப்பீங்கன்னு எழுத மாட்டாங்க. போற நாட்டுல கடைசி மூணு வருஷத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு, உங்களுக்குப் பிரச்சன இல்ல. மத்த விதிங்க வருஷா வருஷம் மாறும், அந்த வருஷ கைடப் பாருங்க. அது ஒண்ணையே நம்பாம யூராக்ஸெஸ்ங்கிற ஐரோப்பிய ஆராய்ச்சி வேலைத் தளத்துல விளம்பரமும் பாத்துட்டே இருங்க, இங்கெல்லாம் போஸ்ட்டாக்குங்கிறது சம்பளம் பென்ஷனோட வேலை, விளம்பரம் வந்து எல்லாரோடயும் போட்டி போட்டு எடுக்குறது. சும்மா_வாசகனுக்கும் சேத்து சொல்றேன், திரும்பி வந்தா வேலை கிடைக்குமான்னா உத்தரவாதம் இல்ல, அத மறைக்க வேண்டாம்.

பொட்டிதட்டி:

மேடம் ஒண்ணு விட்டுப்போச்சு. நான் சொன்ன லாக் எல்லாம் எவ்ளோ நாள் வச்சிருப்பாங்கன்னு பாருங்க. ஐரோப்பா ஏஐ சட்டத்துல ஹை ரிஸ்க் சிஸ்டத்தப் பயன்படுத்துறவங்க லாக குறைஞ்சது 6 மாசம் வச்சிருக்கணும்னு 26-வது பிரிவுல இருக்கு. குறைஞ்சதுன்னு போட்டா கம்பெனிக்காரன் அதத்தான் அதிகபட்சமா எடுத்துப்பான், ஸ்டோரேஜ் காசு. நம்ம ஊர்ல இதுக்கு என்ன கணக்குன்னு எனக்குத் தெரியல, வக்கீல் சார்தான் சொல்லணும்.

மேலூர்_வக்கீல்:

6 மாசமா? ரிட் போட்டு நோட்டீஸ் ஆகி அரசாங்கம் கவுன்டர் (பதில் மனு) தாக்கல் பண்றதுக்குள்ள அது ரெண்டு தடவ அழிஞ்சிருக்கும் தம்பி. கயல்ம்மா, லாக அழிக்கக்கூடாதுன்னு முதல் நாளே ஒரு இடைக்கால மனு போட முடியுமா, எந்தப் பிரிவுல, அழிச்சிட்டாங்கன்னா கோர்ட் அவங்களுக்கு எதிரா அனுமானிச்சுக்குமா, 119-ல உதாரணம் (ஜி) அதுக்குத்தான் இருக்கு, கையில இருக்குற ஆதாரத்தக் காட்டாம மறைச்சா அது அவங்களுக்குப் பாதகமா இருக்கும்னு எடுத்துக்கலாம். (இ)-யையும் (ஜி)-யையும் மோத விட்டுப் பாருங்க. அதுக்கு ஒரு அத்தியாயம் தனியா வைங்க.